99 டாலர் புரட்சி: ஊயா எழுந்த கதையும் விழுந்த கணக்கும்

2013 ஜூன். லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டு மையத்தில், வீடியோ கேம் உலகமே வருடம் முழுக்கக் காத்திருக்கும் ஈ3 கண்காட்சி. உள்ளே சோனி பிளேஸ்டேஷன் 4-ஐயும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னையும் கடைவிரித்திருக்கின்றன. சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு கார் நிறுத்துமிடம். அதை வாடகைக்குப் பிடித்து, உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பெட்டி ஒன்றை டிவிகளில் இணைத்து, போவோர் வருவோரை விளையாட அழைத்துக்கொண்டிருந்தது ஒரு புது நிறுவனம். கண்காட்சியை நடத்தும் தொழில் சங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. நடுவில் இருந்த பார்க்கிங் இடங்களை எடுத்து, பெரிய லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, எதிர்க்கடையை மறைத்தது. இவர்களும் சளைக்கவில்லை. லாரிகளுக்கு முன்னால் மிச்சமிருந்த இடங்களை வாடகைக்கு எடுத்து அங்கே தங்கள் பேனரை வைத்தார்கள். போலீஸ் வந்தது, அனுமதி ஆவணங்கள் சரியாக இருந்ததால் திரும்பிப் போனது. இப்படிப் பத்திரிகைகளிடம் விவரித்தவர் அந்தப் புது நிறுவனத்தின் தலைவர் ஜூலி யூர்மன்.

தொழிலின் பெரிய சங்கமே லாரி வைத்து மறைக்கப் பார்த்தது என்றால், அந்தப் பெட்டிக்கு அன்று இருந்த மவுசு புரியும். அதன் பெயர் ஊயா. இரண்டே ஆண்டுகளில் நிறுவனம் கைமாறியது, பெட்டியின் உற்பத்தி நின்றது. 2019 ஜூன் 25 அன்று அதன் சர்வர்களும் அணைக்கப்பட்டன. ஏன் விழுந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கன்ட்ரோலர் மட்டம், சிப் பழசு, நல்ல கேம் இல்லை, நேரம் சரியில்லை. எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவை அத்தனையும் சரியாக அமைந்திருந்தாலும் ஊயா பிழைத்திருக்குமா என்பது சந்தேகமே. எந்த வாக்குறுதிகள் கூட்டத்தைச் சேர்த்தனவோ, அதே வாக்குறுதிகள்தான் பிற்பாடு வருமானம் வரும் வழியையும் அடைத்தன. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

எட்டு மணி நேரம்

முன்கதை சுருக்கமானது. கேம் செய்தித் தளமான ஐஜிஎன்னில் வேலை பார்த்த யூர்மனுக்கு ஒரு எண்ணம். போனில் கேம் செய்ய யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. டிவியில் ஓடும் கேமுக்கு மட்டும் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ என்ற மூன்று வாசல்களில் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்? போன்களில் ஓடும் ஆண்ட்ராய்டையும், போன்களுக்கான சிப்பையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, கூடவே ஒரு கன்ட்ரோலரும் கொடுத்து, 99 டாலருக்கு விற்றால்? பெட்டியை வடிவமைத்தவர் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஈவ் பெஹார். ஆலோசகராக வந்தவர் எக்ஸ்பாக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் ஃப்ரைஸ். 2012 ஜூலை 10 அன்று, பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் (கிரவுட் ஃபண்டிங்) தளமான கிக்ஸ்டார்ட்டரில் 9.5 லட்சம் டாலர் வேண்டும் என்று அறிவிப்பு வெளியானது. எட்டு மணி நேரத்துக்குள் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது 63,416 பேர் 85,96,474 டாலர் போட்டிருந்தார்கள். அன்றைய மதிப்பில் 47 கோடி ரூபாய். கிக்ஸ்டார்ட்டரில் அதுவரை இதைவிட அதிகம் திரட்டியிருந்தது பெபிள் கைக்கடிகாரம் மட்டுமே.

அந்த அறிவிப்பில் இருந்த வாக்குறுதிகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விலை குறைவு. யார் வேண்டுமானாலும் கேம் செய்து வெளியிடலாம். பெட்டியைக் கழற்றலாம், மாற்றலாம், உள்ளே இருக்கும் மென்பொருளோடு விளையாடலாம்; கம்பெனி கோபித்துக்கொள்ளாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் இருக்கும் ஒவ்வொரு கேமையும் முதலில் இலவசமாக ஆடிப் பார்க்கலாம், பிடித்தால் மட்டும் காசு. வாடிக்கையாளர் கேட்க நினைத்ததெல்லாம் இதில் இருந்தது. இந்தக் கடை நாளை எப்படிச் சம்பாதிக்கும் என்பது மட்டும் இல்லை. அதைக் கேட்க வேண்டிய பொறுப்பும் பணம் போட்டவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு வர வேண்டியது ஒரு பெட்டி. அது வந்து சேர்ந்தால் அவர்களுடைய கணக்கு முடிந்தது.

| பெட்டிக்குள் என்ன? |
|---|
| என்விடியா டெக்ரா 3 சிப், 1 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு, ஆண்ட்ராய்டு 4.1 |
| பெட்டியும் ஒரு கன்ட்ரோலரும் சேர்ந்து 99 டாலர். கூடுதல் கன்ட்ரோலர் ஒன்று 49.99 டாலர் |
| கன்ட்ரோலரின் நான்கு பட்டன்களுக்கு நிறுவனத்தின் பெயரில் உள்ள நான்கு ஆங்கில எழுத்துகளே பெயர் |
| விற்பனையில் 70 சதவீதம் கேம் செய்தவருக்கு, 30 சதவீதம் ஊயாவுக்கு |
| பணம் போட்டவர்களுக்கு அனுப்பத் தொடங்கியது: 2013 மார்ச் 28. கடைக்கு வந்தது: 2013 ஜூன் 25 |

கூட்டம் வேறு, சந்தை வேறு

கேம் கன்சோல் தொழிலில் பெட்டியை விற்று யாரும் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. சோனி 2006-ல் பிளேஸ்டேஷன் 3-ஐ நஷ்டத்துக்கே விற்றது. பெட்டி வீட்டுக்குள் நுழைந்த பிறகு, வருடக்கணக்கில் வாங்கப்படும் ஒவ்வொரு கேமிலும் கம்பெனிக்கு ஒரு பங்கு வரும், அதுதான் லாபம். ஆகவே கன்சோல் என்பது மூன்று பேருக்கு இடையிலான நீண்டகால ஒப்பந்தம். நிறையப் பேரிடம் பெட்டி இருக்கிறது என்று நம்பி டெவலப்பர் கேம் செய்கிறார்; நல்ல கேம்கள் வரும் என்று நம்பி ஆடுபவர் பெட்டி வாங்குகிறார்; இரண்டு நம்பிக்கைகளையும் கம்பெனி தன் கைக்காசைப் போட்டுச் சில ஆண்டுகள் தாங்கிப் பிடிக்கிறது. கிரவுட் ஃபண்டிங்கால் இந்த மூன்றில் எதற்குப் பணம் திரட்ட முடியும்? பெட்டிக்கு முடியும். தாங்கிப் பிடிக்கும் அந்தச் சில ஆண்டுகளுக்கு முடியாது. திருவிழாவுக்குத் திரண்ட கூட்டத்தை எண்ணி, கோயிலின் தினப்படி வரும்படியைக் கணக்கிட்டதைப் போன்ற பிழைதான் ஊயாவிலும் நடந்தது.

திரட்டிய பணத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தத் தொகையைத் தலைக்கணக்கில் வகுத்தால் ஒருவருக்குச் சுமார் 135 டாலர். அதில் கிக்ஸ்டார்ட்டரின் 5 சதவீதம் போக வேண்டும்; பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மிச்சத்தில் பெட்டி செய்து, கன்ட்ரோலர் செய்து, உலகம் முழுக்க அனுப்ப வேண்டும். 86 லட்சம் டாலர் என்ற எண்ணைப் பார்த்துப் பத்திரிகைகள் வியந்தன. அது முதலீடே அல்ல. இனிச் செய்யவிருந்த பெட்டிகளுக்கு முன்கூட்டியே வாங்கப்பட்ட விலை. அடுத்த பெட்டிக்கும், கடையை நடத்தவும், கேம்களை வரவழைக்கவும் வேறு பணம் வேண்டியிருந்தது. 2013 மே மாதம் கிளைனர் பெர்கின்ஸ் தலைமையில் துணிகர முதலீட்டு நிறுவனங்கள் 1.5 கோடி டாலர் கொடுத்தன. மக்கள் காசில் எழுந்த கம்பெனி என்ற அடையாளம் அங்கேயே முடிந்துவிட்டது. இனி கணக்குக் கேட்கப்போவது ஆர்வத்தோடு பணம் போட்டவர்கள் அல்ல, வளர்ச்சி விகிதம் பார்ப்பவர்கள்.

அந்த வளர்ச்சி எங்கிருந்து வரும்? கடைக்கு வந்த சில வாரங்களில் யூர்மனே ஒரு விவரத்தை வெளியிட்டார்: பெட்டியைப் பதிவு செய்தவர்களில் 27 சதவீதம் பேர் ஏதாவது ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இலவசமாகத் தொடங்கும் போன் கேம்களோடு ஒப்பிட்டால் அது நல்ல விகிதம் என்று அவர் வாதிட்டார். ஒப்பீடே தவறு. போன் கேமை ஆடுபவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைக் கேமுக்காகவே பெட்டி வாங்கவைக்க வேண்டிய அவசியம் இல்லை. இங்கே 99 டாலர் கொடுத்துக் கேம் ஆடுவதற்கென்றே ஒரு பெட்டி வாங்கியவர்களில், நான்கில் மூன்று பேர் ஒரு கேம்கூட வாங்கவில்லை. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவும் முடியாது. வாங்க வேண்டியதில்லை என்பதுதானே கம்பெனியின் விளம்பரம்? பழைய நின்டெண்டோ, சேகா கேம்களை ஓட்டும் எமுலேட்டர்களுக்காகவும், டிவியில் படம் பார்க்கும் எக்ஸ்பிஎம்சி செயலிக்காகவும் ஊயா வாங்கியவர்கள் நிறையப் பேர். விலை மலிவான, திறந்த பெட்டிக்குத் திறந்த பெட்டியை விரும்புகிறவர்கள்தான் வருவார்கள். அவர்கள் கடையில் செலவழிப்பவர்களாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கம்பெனியின் ஆசை மட்டுமே.

டவர்ஃபால் கணக்கு

ஊயாவில் நல்ல கேமே இல்லை என்ற புகாருக்கு எல்லோரும் சொல்லும் ஒரே விதிவிலக்கு டவர்ஃபால். நான்கு பேர் ஒரே சோஃபாவில் அமர்ந்து அம்பெய்து ஆடும் சின்னஞ்சிறு விளையாட்டு. உருவாக்கிய மேடி தார்சன் பின்னாளில் செலஸ்டே என்ற கேமால் உலகப் புகழ் பெற்றார். 2013-ல் ஊயாவில் மட்டும் வெளியான டவர்ஃபாலுக்காகவே பெட்டி வாங்கலாம் என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. விலை 15 டாலர். விற்பனை? சுமார் 7,000 பிரதிகள். மொத்தம் ஏறத்தாழ 1,05,000 டாலர். ஊயாவின் 30 சதவீதப் பங்கு 31,500 டாலர். கவனியுங்கள், இது அந்தப் பெட்டியின் ஆகச் சிறந்த, ஆகப் பேசப்பட்ட கேம். ஆனானப்பட்ட டவர்ஃபாலே கம்பெனிக்கு ஈட்டித் தந்தது ஒரு பொறியாளரின் வருடச் சம்பளம்கூட வராது. 2014 மார்ச்சில் அதே கேம் விரிவாக்கப்பட்டு பிளேஸ்டேஷன் 4-க்கும் கணினிக் கேம் கடையான ஸ்டீமுக்கும் போனது. சில வாரங்களிலேயே அதன் மொத்த வருமானம் 5 லட்சம் டாலரைத் தொட்டது. கேம் ஏறக்குறைய அதேதான். வாங்கும் பழக்கமுள்ளவர்கள் கூடும் கடைக்கு மாறியது மட்டுமே வித்தியாசம்.

கம்பெனிக்கும் இது புரியாமல் இல்லை. கேம்கள் வராததுதான் நோய் என்று முடிவு கட்டி, 2013 ஜூலையில் 10 லட்சம் டாலர் நிதி ஒன்றை அறிவித்தது. கிக்ஸ்டார்ட்டரில் 50,000 டாலருக்கு மேல் திரட்டும் டெவலப்பருக்கு, திரட்டிய தொகை எவ்வளவோ அவ்வளவையும் ஊயா தன் பங்காகக் கொடுக்கும், அதிகபட்சம் 2.5 லட்சம். கேம் ஆறு மாதம் ஊயாவில் மட்டும் வர வேண்டும். மக்கள் பணம் போட்டிருக்கிறார்கள், ஆகவே கேமுக்குச் சந்தை இருக்கிறது என்ற அதே தர்க்கம். தான் எழுந்த விதத்தையே கம்பெனி அளவுகோலாக்கியது. அடுத்து நடந்தது யாரும் ஊகிக்கக்கூடியதே. கிரிடிரான் தண்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து கேமுக்கு 183 பேர் சேர்ந்து 1,71,009 டாலர் கொடுத்தார்கள். ஆளுக்குச் சராசரியாக 934 டாலர்! ஊயாவுக்கே தலைக்கு 135 டாலர்தான் வந்தது. தவறேதும் நடக்கவில்லை என்று அந்தக் கேமின் தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸை வைத்து வந்த இன்னொரு திட்டத்தைச் சந்தேகத்தின் பேரில் கிக்ஸ்டார்ட்டரே முடக்கியது. சிறு டெவலப்பர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ஒருவர் தன் கேமையே ஊயாவிலிருந்து எடுத்துக்கொண்டார். முதலில் விதிகளை நியாயப்படுத்திய கம்பெனி, பிறகு மாற்றிக்கொண்டது. அதற்குள் பெயர் கெட்டிருந்தது. பெட்டியை நம்பி வந்த ஒரே கூட்டமான சிறு டெவலப்பர்களிடமே கெட்டிருந்தது என்பதுதான் பெரிய இழப்பு.

2014-ல் வந்த இரண்டு அறிவிப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, எல்லாக் கேமையும் இலவசமாக ஆடிப் பார்க்கவிட வேண்டும் என்ற கட்டாயம் நீங்குகிறது. இரண்டு, ஊயாவின் கடை இனி மற்றவர்களின் பெட்டிகளுக்குள்ளும் வரும். முதலாவது நிறுவன வாக்குறுதியைக் கைவிடுவது. இரண்டாவது பெட்டியையே கைவிடுவது. எட்டு மணி நேரத்தில் கூட்டத்தைச் சேர்த்த எல்லாவற்றையும் இரண்டே ஆண்டுகளில் கம்பெனி ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட வேண்டியிருந்தது.

"கன்ட்ரோலர் மட்டும் சரியாக இருந்திருந்தால்..."

முதல் எதிர்வாதம் இதுதான். எளிதில் தள்ளிவிடக் கூடியதும் அல்ல. ஊயா கன்ட்ரோலரின் மேற்புறம் உலோகத் தகடுகளால் ஆனது. காந்தத்தால் ஒட்டியிருக்கும் அந்தத் தகடுகளைக் கழற்றினால், ஒவ்வொரு கைப்பிடிக்குள்ளும் ஒரு ஏஏ பேட்டரி. பார்க்க அழகு. ஆனால் பட்டனை ஓரத்தில் அழுத்தினால் அது தகட்டின் விளிம்புக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. முதல் தவணையில் அனுப்பிய பெட்டிகளை வைத்து 2013 ஏப்ரலில் எழுதப்பட்ட விமர்சனங்கள் தயவே காட்டவில்லை. இலவசக் கேமை இறக்கவும் முதலில் கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்டது தனி எரிச்சல். கடையில் விற்பனைக்கு வருவதை ஜூன் 4-லிருந்து 25-க்குத் தள்ளி, பட்டன் துளைகளைப் பெரிதாக்கினார்கள். சரி, அதற்குப் பின் என்ன ஆயிற்று? பட்டன் சரியானது, விற்பனை சரியாகவில்லை. 2015 வாக்கில் கடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் சேர்ந்துவிட்டன. அதுவும் உதவவில்லை. சொல்லப்பட்ட குறைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தபோதும் நோய் தீரவில்லையென்றால், நோய் வேறெங்கோ இருக்கிறது.

நேரம் சரியில்லை என்பது இரண்டாவது வாதம். 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தது, 35 டாலர் குரோம்காஸ்ட் ஜூலையிலேயே வந்துவிட்டது, டெக்ரா 3 சிப் 2012-லேயே 199 டாலர் நெக்ஸஸ் 7 டேப்லெட்டில் இருந்தது. உண்மைதான். ஆனால் பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத அமேசான், 2014 ஏப்ரலில் அதே 99 டாலருக்கு ஃபயர் டிவியைக் கொண்டுவந்து, தனியாகக் கேம் கன்ட்ரோலரும் விற்றது. ஜனங்கள் அதில் படம் பார்த்தார்களே தவிரக் கேம் வாங்கவில்லை. மேட் கேட்ஸின் மோஜோவும் ரேசரின் ஃபோர்ஜ் டிவியும் அதே வழியில் போயின. டிவியில் போன் கேம் வாங்கி ஆடும் பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது என்பதற்கு அன்றைக்கு இருந்த ஒரே ஆதாரம் ஊயாவின் கிக்ஸ்டார்ட்டர் எண்ணிக்கைதான். அந்த ஆதாரம் பொய் சொன்னது என்பதை மற்றவர்களின் தோல்வியும் சேர்த்தே காட்டுகிறது.

அப்படியானால் திறந்த பெட்டி என்ற கொள்கையே தவறா? இல்லை. 2022-ல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக், ஊயா சொன்ன அளவுக்குத் திறந்ததுதான். கழற்றலாம், மாற்றலாம், வேறு மென்பொருள் போடலாம். அது வெற்றி பெற்றது. காரணம், வாங்கியவர்கள் அதற்கு முன்பே ஸ்டீம் கடையில் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்துச் சேர்த்த கேம்கள் அதில் ஓடின. அதே வால்வ் 2015-ல் முயன்ற ஸ்டீம் மெஷின்கள் தோற்றதும் இந்தக் காரணத்தால்தான்: அவை இயங்கிய லினக்ஸில் ஓடும் கேம்கள் அப்போது குறைவு. கடை முன்னால், பெட்டி பின்னால். ஊயா தலைகீழாகப் புறப்பட்டது. கிரவுட் ஃபண்டிங்கில் அப்படித்தான் புறப்பட முடியும், ஏனென்றால் படம் பிடித்துக் காட்டி விற்கக்கூடியது பெட்டி ஒன்றுதான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் பெருமிதமானது. ஊயா தோற்றாலும் பெரிய கம்பெனிகளின் கதவுகளைத் திறக்கவைத்தது, 2013 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் சிறு டெவலப்பர்கள் தாங்களே வெளியிட வழிசெய்தது அதனால்தான் என்பார்கள். அழுத்தத்தில் ஊயாவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஆனால் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008-லேயே அந்தச் சுவரை உடைக்கத் தொடங்கிவிட்டது. ஊயா பணம் திரட்டி முடித்த 2012 ஆகஸ்டிலேயே ஸ்டீமும் சிறு டெவலப்பர்களுக்குத் தனி வாசல் திறந்தது. ஒன்றன்பின் ஒன்று நடந்ததாலேயே ஒன்றால் மற்றொன்று நடந்ததாகிவிடாது.

| பெட்டி செய்யப் புறப்பட்ட மற்றவர்கள் |
|---|
| கேம்ஸ்டிக்: 2013 தொடக்கத்தில் கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 6.4 லட்சம் டாலர். பெட்டி வந்தது, சேவை 2017-ல் முடிந்தது. |
| கொலிகோ கமீலியன்: 2016-ல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் காட்டிய மாதிரிக்குள் பழைய நின்டெண்டோ கன்சோல் இருப்பதாகச் சந்தேகம். பிறகு வெளியிட்ட படத்தில் தெரிந்த சர்க்யூட் போர்டு, கணினியில் வீடியோ பதிவு செய்யும் கார்டு என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. |
| ஸ்பெக்ட்ரம் வேகா பிளஸ்: பிரிட்டனில் 2016-ல் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. 2018-ல் கொஞ்சம் பேருக்கே கிடைத்தது. 2019-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. |
| இன்டெல்லிவிஷன் அமிகோ: 2018-ல் அறிவிப்பு, 2020-ல் வெளியீடு என்று வாக்கு. பெட்டி கடைக்கு வரவே இல்லை. 2024-ல் இன்டெல்லிவிஷன் பெயரை அட்டாரி வாங்கிக்கொண்டது. |

சுமை யார் தலையில்?

மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் ஊயா யோக்கியமான கம்பெனி. சொன்னதைச் செய்தது, அனுப்பியது. தாமதம் உண்டு, முதலில் பணம் போட்டவர்கள் பலருக்குப் பெட்டி வந்து சேரும் முன்பே கடைகளில் அது விற்பனைக்கு வந்துவிட்டது, யூர்மனே அதற்காகக் கோபப்பட்டார். ஆனாலும் மோசடி இல்லை. வார்ட்டன் கல்லூரிப் பேராசிரியர் ஈத்தன் மோலிக் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் சுமார் 9 சதவீதம் சொன்ன பொருளைக் கொடுக்கத் தவறுகின்றன. கிரவுட் ஃபண்டிங் பற்றிய எல்லா விவாதமும் இந்த 9 சதவீதத்தைச் சுற்றியே நடக்கிறது. ஊயா மிச்ச 91 சதவீதத்தில் வரும். ஆய்வின் கணக்கில் அது வெற்றி! பொருள் கைக்கு வந்ததா என்று மட்டும் கேட்கும் அளவுகோலுக்கு, வந்த பொருள் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பது தெரியாது.

பணம் போட்டவர்களுக்குச் சட்டப்படி எந்தப் பங்கும் கிடையாது. சாதாரண மக்கள் இணையம் வழியாகச் சிறு கம்பெனிகளில் பங்கு வாங்க வகைசெய்யும் அமெரிக்கச் சட்டம் 2012 ஏப்ரலில் கையெழுத்தானாலும், விதிகள் நடைமுறைக்கு வந்தது 2016-ல்தான். இதன் அநியாயம் ஊயா போன்ற தோல்வியில் தெரிவதைவிட வெற்றியில்தான் அதிகம் தெரியும். ஊயாவுக்கு அடுத்த மாதத்தில் கிக்ஸ்டார்ட்டரில் 24 லட்சம் டாலர் திரட்டிய, விஆர் ஹெட்செட் செய்யும் ஆக்குலஸ் நிறுவனத்தை, 2014-ல் ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. தொடக்கத்தில் நம்பிய 9,522 பேருக்கு அந்த 200 கோடியில் பங்கு எதுவும் இல்லை. பின்னர் அவர்களில் ஒரு பகுதியினருக்கு இலவசமாக ஒரு ஹெட்செட் போனது. பங்கு கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பாரும் உண்டு. பொதுமக்களிடம் பங்கு விற்றே பணம் திரட்டிய அமிகோவின் முதலீட்டாளர்களைக் கேட்டால் அதற்கும் பதில் கிடைக்கும்.

ஊயாவின் கடைசிக் கட்டம் வேகமானது. 2015 தொடக்கத்தில் சீனாவின் அலிபாபா 1 கோடி டாலர் முதலீடு செய்ததாகச் செய்தி வந்தது. ஏப்ரலில், கடன் ஒப்பந்த நிபந்தனையை மீறிவிட்டதால் கம்பெனியை உடனே விற்க வேண்டியிருக்கிறது என்று யூர்மன் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதம் கசிந்தது. ஜூலையில் ரேசர் நிறுவனம் ஊயாவின் மென்பொருளையும் ஊழியர்களையும் எடுத்துக்கொண்டது. பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனியை முழுதாக வாங்காமல் சொத்துகளை மட்டும் வாங்கியதால் பழைய பாக்கிகள் ரேசரைக் கட்டுப்படுத்தவில்லை. அந்த 10 லட்சம் டாலர் நிதியை நம்பிக் கேம் செய்துகொண்டிருந்த சிறு டெவலப்பர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பத்திரிகைகளில் செய்தி வெளியான பிறகே ரேசர் அந்தப் பாக்கியைத் தருவதாக ஒப்புக்கொண்டது. பதிலுக்குத் தன் கடையில் அந்தக் கேம்களை இலவசமாகக் கொடுக்கும் உரிமையைக் கேட்டது. நியாயமான பேரம் என்று சொல்லலாம். ஆனால் செய்தி வெளியாகாமல் போயிருந்தால்?

வாங்கியவர்கள் மீது சுமை இறங்க இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின. 2019 மே மாதம் ரேசரின் அறிவிப்பு வந்தது: ஜூன் 25-க்குப் பிறகு கடை இருக்காது. ஏற்கெனவே இறக்கிய கேம்கள் ஓடலாம், ஆனால் திறக்கும்போதெல்லாம் வாங்கியதுதானா என்று சர்வரிடம் சரிபார்க்கும் கேம்கள் ஓடாது. வேறு தளத்தில் அந்தக் கேமைத் தருவார்களா என்று டெவலப்பரையே கேட்டுக்கொள்ளுங்கள். இதில் கொடுமையான ஒரு முரண் இருக்கிறது. காசு கொடுக்காத நான்கில் மூன்று பேருக்கு எந்த நஷ்டமும் இல்லை; அவர்களுடைய எமுலேட்டர்கள் இன்றைக்கும் ஓடும். கடையை வாழவைக்கக் காசு கொடுத்த அந்த 27 சதவீதத்தினர்தான் வாங்கியதை இழந்தார்கள். பிறகு ஆர்வலர்கள் சிலர் தங்கள் சொந்தச் செலவில் கேம்களைத் தேடிச் சேமித்து, மாற்று சர்வர் எழுதி, பெட்டிக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். திறந்த பெட்டி என்ற வாக்குறுதி உண்மையாகவே பயன்பட்ட இடம் அது ஒன்றுதான்.

கிக்ஸ்டார்ட்டரும் தன் பங்குக்குப் பாடம் படித்தது. ஊயாவின் பணத் திரட்டல் முடிந்த அடுத்த மாதமே, 2012 செப்டம்பரில், தாங்கள் கடை நடத்தவில்லை என்று வெளிப்படையாக அறிவித்து, கணினியில் வரைந்த கற்பனைப் படங்களைக் காட்டிப் பொருள் விற்பதைத் தடை செய்தது. பொருள் வருமா என்ற கேள்விக்கு அது ஓரளவு பதில். வந்த பொருள் சர்வரை நம்பியே உயிர்வாழும் என்றால், சர்வர் எத்தனை ஆண்டு ஓடும், கம்பெனி விற்கப்பட்டால் அதை யார் நடத்துவார்கள், நிறுத்தினால் கேம்கள் இணையமின்றி ஓட வழி செய்யப்படுமா என்ற கேள்விகளைக் கிரவுட் ஃபண்டிங் தளங்கள் தங்கள் விண்ணப்பப் படிவத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாத கம்பெனிக்கு 99 டாலர்கூட அதிகம்.

ஊயா இயங்கிய கலிஃபோர்னியா மாநிலத்தில் இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும் கடைகள், வாங்குபவருக்குக் கிடைப்பது முழு உரிமை அல்ல, திரும்பப் பெறக்கூடிய அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது. இணையமின்றி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி இறக்கித் தந்தால் விலக்கு உண்டு. 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. ஆனால் அது எச்சரிக்கை வாசகத்தை மட்டுமே கேட்கிறது. கடையை மூடினாலும் வாங்கிய கேம் ஓட வேண்டும் என்று எந்தக் கம்பெனியையும் கட்டாயப்படுத்தவில்லை.